சென்னையை விற்றவரா லா பூர்தொனே?

செஞ்சிக் கோட்டையின் பிரெஞ்சுக் காலத்தைப் பேசுவோர், 1746இல் சென்னையைப் பிடித்த கடற்படைத் தளபதி லா பூர்தொனேவைத் துரோகி என்றே சொல்லிவிடுகிறார்கள். கையூட்டு வாங்கி வெற்றியை விற்றார், இல்லையேல் ஆங்கிலேயர் கதை அன்றே முடிந்திருக்கும் என்பது வாதம். இதன் அடித்தளமே தவறு. செப்டம்பர் 21 அன்று சென்னைக் கோட்டை சரணடைந்தது. 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு ஊரைத் திருப்பித் தர அவர் ஒப்பினார் என்பது உண்மை. ஆனால் அவர் கப்பலேறியதும் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார், கோட்டை பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தது 1748ஆம் ஆண்டு எக்ஸ்-லா-ஷாப்பேல் உடன்படிக்கை. வட அமெரிக்காவின் லூயிபூர்க் கோட்டையை மீட்க ஐரோப்பாவில் நடந்த பேரம் அது.

அவர் ஏன் பணத்துக்கு இசைந்தார் என்பதைக் கரையில் நின்று பார்த்தால் விளங்காது. சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அலையைத் தாண்டித்தான் ஆளும் பீரங்கியும் கரை சேர வேண்டும். படையை இறக்கியவரே கப்பல்களுக்கும் பொறுப்பாளி. ஐப்பசிக் காற்று திரும்புமுன் அவற்றை அவர் காப்பாற்றியாக வேண்டும். பிடித்த ஊர்களைத் தக்கவைக்கக் கூடாது என்று பாரிஸ் இட்ட ஆணையும் அவரிடம் இருந்தது. அவர் அஞ்சியது வீண்போகவில்லை. அக்டோபர் 13 இரவில் வீசிய புயலில் பல கப்பல்கள் அழிந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒப்பந்தம் பற்றித் துய்ப்ளேயுடன் நடந்த இழுபறியில் கப்பல்கள் அங்கேயே நின்றதற்குக் கொடுத்த விலை இது.

தனக்கெனவும் பணம் பெற்றாரே என்பார்கள். அந்த ஐயம் முழுதாக நீங்கவில்லை என்பதை ஏற்கிறேன். பஸ்தீல் சிறையில் அடைபட்ட அவரை 1751இல் விடுதலை செய்ததால் மட்டும் அது தீராது. ஆனால் பாரிஸின் ஆணையையும் பருவக்காற்றையும் கையூட்டு உண்டாக்கவில்லை. ஆற்காட்டு நவாப் அன்வருதீனுக்குச் சென்னையைத் தருவதாகத் துய்ப்ளே சொல்லியிருந்தாரே என்றால், அந்த வாக்கைத் துய்ப்ளேயே காப்பாற்றவில்லை. நவாபின் படைக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே அடையாற்றுப் போர் அதனால்தான் மூண்டது.

கோட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும் என்ற கணக்குக்குச் செஞ்சியே விடை சொல்கிறது. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதைப் பிடித்தார். 1752இல் ஆங்கிலேயர் முயன்றும் கைப்பற்ற முடியவில்லை. ஆனால் 1759இல் மொரீசியசுக்குப் போன பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தஷேயின் கப்பல்கள் திரும்பவில்லை. கடலிலும் தரையிலும் முற்றுகையிடப்பட்ட புதுச்சேரி பட்டினியில் வாடி, 1761 ஜனவரியில் பணிந்தது. செஞ்சியின் ராஜகிரிக் குன்றின் மதில் இடியாமலே, ஏப்ரலில் அக்கோட்டையும் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது.