மேல்முறையீடு மன்னிப்புக் கடிதமன்று

சென்ற மாதம் என் முன்னாள் மாணவி ஒருத்தி கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள். இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். குறுந்தொகை உரைகளை ஒப்பிட்டு எழுதிய அவளது ஆய்வேட்டில் 43 விழுக்காடு ஒப்புமை இருப்பதாகவும், திருத்திய ஏட்டை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க இயலாது என்றும் கடிதத்தில் நான்கு வரிகள். “ஐயா, மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடட்டுமா?” என்றாள். வேண்டாம், மேல்முறையீடு செய் என்றேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை. 40 வரை எனில் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. ஆனால் அதே ஒழுங்குமுறைகள், உரியவாறு சுட்டப்பட்ட மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கணக்கிலிருந்து நீக்கச் சொல்கின்றன. விசாரிக்கும் குழு இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும், அறிக்கையின் படியை உரியவருக்கு வழங்க வேண்டும் என்கின்றன. இவளுக்குக் கிடைத்ததோ ஓர் எண் மட்டுமே.

இயந்திரம் ஒப்புமையைக் காட்டும், திருட்டை அறியாது. பாட்டையும் உரையையும் எடுத்துக்காட்டாமல் உரை ஒப்பீடு எழுதுவது எங்ஙனம்? நன்னூலார் தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றை அப்படியே எடுத்தாண்டார். முன்னோர் மொழியையும் போற்றிக்கொள்வதாக வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். எடுத்ததை எடுத்தேன் எனச் சொல்வதில்தான் நேர்மை இருக்கிறது.

ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். இயந்திரம் குறித்தவற்றுள் பெரும்பகுதி பாடல்களும் பெயர் சுட்டிய உரைகளுமே. ஆனால் இரண்டாம் இயலில் ஒன்றரைப் பக்கம், ஒரு நூலிலிருந்து பெயர் சுட்டாமல் வந்திருந்தது. அவள் முகம் வாடியது. “இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா, ஐயா?” என்றாள். கூடாது, விண்ணப்பத்தின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும் என்றேன். தன் பிழையை அளந்து ஒப்புக்கொள்பவரே, அதற்கு மேல் தம்மீது சுமத்தப்பட்டதைத் தலைநிமிர்ந்து மறுக்க முடியும். ஒட்டுமொத்தமாக மன்னிப்புக் கேட்பது செய்யாத குற்றத்தையும் ஏற்பதாகும்.

தேர்வு முறைகேடு எனக் கூறி மாணவர் சிலரின் முடிவுகளை ரத்துச் செய்த உத்தரப் பிரதேசக் கல்வி வாரியத்தின் வழக்கில், அவர்கள் தரப்பைக் கேளாமல் தண்டித்தது செல்லாது என உச்ச நீதிமன்றம் 1962இலேயே தீர்ப்பளித்தது. எனினும் எத்தனை மாணவர்களால் நீதிமன்றப் படியேற முடியும்? கேட்கும் கடமை முதலில் நம் துறைகளுக்கே உரியது.

சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஆய்வேட்டில் திருட்டில்லை என்று சான்றிதழ் தருபவர் நெறியாளர். கையெழுத்திட்ட நாளில் உடனிருந்தவர், கடிதம் வந்த நாளில் காணாமற்போவது அறமன்று. அவளுடைய விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை. எத்தகைய விடையாயினும், அது காரணங்களோடு வரட்டும்.