உடைந்ததைப் பொறுக்கிச் சேர்த்த நகரம்



பதுவா என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருபவர் புனித அந்தோனியார். கச்சதீவிலும் கொச்சிக்கடையிலும் சமய வேறுபாடின்றி மக்கள் நேர்த்தி வைக்கும் அதே அந்தோனியார்தான். 1231இல் மறைந்த அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ள நகரம் பதுவா. வட இத்தாலியில், வெனிஸ் நகருக்கு அண்மையில் உள்ளது. பழைய தேவாலயங்களாலும் மாளிகைகளாலும் சுவரோவியங்களாலும் பெயர் பெற்ற இந்த நகரைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

முதலில் சுவரோவியம் எப்படி வரையப்படுகிறது என்று அறிந்துகொள்வோம். சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வர்ணம் தீட்டுவார்கள். சாந்து காயும்போது வர்ணமும் சுவரோடு சேர்ந்து இறுகிவிடும். இதனால் ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே அன்றன்று சாந்து பூசப்படும். இப்படி இறுகிய வர்ணம் நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கும். சுவர் விழுந்தால் ஓவியமும் அதோடு போய்விடும்.

கண்ணீர் சிந்தும் தாய்மார்

பதுவாவின் மிகப் புகழ் பெற்ற ஓவியங்கள் ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் உள்ளன. என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி என்ற செல்வந்தர் கட்டிய இந்த ஆலயம் 1305இல் அபிஷேகம் செய்யப்பட்டது. ஜொற்றோ என்ற ஓவியர் அதன் சுவர்களில் மரியாளினதும் இயேசுவினதும் வாழ்க்கையை வரைந்தார். மேற்கூரை முழுவதும் நீல வானமும் நட்சத்திரங்களும்.

அதற்கு முந்திய ஓவியங்களில் புனிதர்களின் முகங்கள் பெரும்பாலும் அசைவற்று, உணர்ச்சியின்றிக் காணப்படும். ஜொற்றோவின் மனிதர்களோ அழுகிறார்கள், கட்டியணைக்கிறார்கள். ஏரோதின் கட்டளையால் குழந்தைகள் கொல்லப்படும் காட்சியில் தாய்மாரின் கன்னங்களில் கண்ணீர் வழிகிறது. இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாள் தன் முகத்தை அவன் முகத்தருகே வைத்துப் பார்க்கிறாள். எழுநூறு வருடங்களுக்கு முன் தீட்டப்பட்ட அந்த முகங்களை விளங்கிக்கொள்ள எமக்கு எவருடைய உரையும் தேவையில்லை.

மூச்சுக்காற்றின் ஈரமும் தூசியும் ஓவியத்தைப் பழுதாக்கும் என்பதால், பார்வையாளர்கள் சிறு சிறு குழுக்களாகவே உள்ளே விடப்படுகிறார்கள். அதற்கு முன் காற்றுச் சீராக்கப்பட்ட அறையொன்றில் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும்.

மாளிகையும் ஓர் அரசியும்

நகரின் நடுவே ‘நீதி மாளிகை’ உள்ளது. மேல் மாடியில் சுமார் 81 மீற்றர் நீளமும் 27 மீற்றர் அகலமும் கொண்ட ஒரே மண்டபம். அங்குதான் முற்காலத்தில் வழக்குகள் விசாரிக்கப்பட்டன. கீழே சந்தை. இன்றும் அங்கு வியாபாரம் நடக்கிறது. 1420இல் ஏற்பட்ட தீயில் மண்டபத்தின் பழைய ஓவியங்கள் அழிந்தன. நகர மக்கள் மீண்டும் வரைவித்தனர். 1756இல் புயல் கூரையைப் பிடுங்கி எறிந்தது. திரும்பவும் கூரை போட்டார்கள்.

பேராலயத்தின் அருகிலுள்ள ஞானஸ்நான மண்டபம் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி நிற்கிறது. பதுவாவை ஆண்ட கறாறா குடும்பத்துத் தலைவரின் மனைவி பீனா புஸ்ஸக்கரீனி, 1370களில் ஜுஸ்தோ என்ற ஓவியரைக் கொண்டு அந்த மண்டபம் முழுவதும் வரைவித்தார். மரியாளின் முன் முழந்தாளிட்டு நிற்கும் அவரது உருவத்தை அங்கே காணலாம்.

ஒரு விதவையின் வழக்கு

ஸ்க்ரொவேஞ்ஞி ஆலயத்துக்கு மிக அருகில் எரெமித்தானி தேவாலயம் உள்ளது. அங்குள்ள ஒவெத்தாரி சிற்றாலயத்தை வரைவிப்பதற்காக, அன்ரோனியோ ஒவெத்தாரி என்பவர் இறக்கும்போது 700 பொற்காசுகளை ஒதுக்கியிருந்தார். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அவருடைய மனைவி இம்பெராத்திரிச்சே. 1448இல் ஒப்பந்தமான ஓவியர்களுள் ஒருவர் மன்தேஞ்ஞா. அப்போது அவருக்குப் பதினேழு வயதளவுதான் இருக்கும்.

மரியாள் விண்ணேற்பு ஓவியத்தில் பன்னிரண்டு சீடர்கள் இருக்க வேண்டும். மன்தேஞ்ஞா எட்டுப் பேரையே வரைந்திருந்தார். அந்த விதவை வாளாவிருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். இடம் போதுமா, போதாதா என்று வேறு ஓவியர்கள் சாட்சி சொன்னார்கள். ஓவியம் எட்டுச் சீடர்களுடனேயே நின்றது. ஆயினும் கணவனை இழந்த பெண்ணொருத்தி, கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்டாள் என்பதும் நகரின் வரலாற்றில் பதிவாகிவிட்டது.

1944 மார்ச் 11

இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச் 11ஆம் திகதி நேச நாட்டு விமானங்கள் பதுவாவில் குண்டு வீசின. எரெமித்தானி தேவாலயத்தின் மீது குண்டு விழுந்து ஒவெத்தாரி சிற்றாலயம் தரைமட்டமானது. அண்மையிலேயே நின்ற ஜொற்றோவின் ஓவியங்கள் தப்பின. மன்தேஞ்ஞாவின் ஓவியங்களில், ஈரக்கசிவு காரணமாக முன்னரே சுவரிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருந்த சிலவே மிஞ்சின. வழக்குக்குள்ளான அந்த எட்டுச் சீடர்களின் ஓவியமும் அவற்றுள் ஒன்று!

மக்கள் இடிபாடுகளுக்குள் இருந்து வர்ணம் ஒட்டியிருந்த துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டிகளில் சேர்த்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 88,000க்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. பெரும்பாலானவை தீப்பெட்டியிலும் சிறியவை. பல ஆண்டுகள் அவை பெட்டிகளிலேயே கிடந்தன. 1990களில் பதுவா பல்கலைக்கழகத்தவர்கள் ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, போருக்கு முன் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு கணினி மூலம் ஒப்பிட்டு, அதனதன் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006இல் அந்தச் சிற்றாலயம் மீண்டும் மக்களுக்குக் காட்டப்பட்டது.

இழந்த பகுதிகளுக்குப் புதிதாக வர்ணம் தீட்டி மறைக்கவில்லை. பழைய புகைப்படத்தின் சாம்பல் நிறத்தின் மேல், கிடைத்த துண்டுகள் மட்டும் வர்ணத்தோடு தெரிகின்றன. எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிஞ்சிற்று என்பது பார்ப்பவருக்கு உடனே புரியும். 2021இல் பதுவாவின் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

இடிந்த வீட்டுக்குத் திரும்பி, மண்ணுக்குள் ஒரு படத்தையோ பாத்திரத்தையோ தேடியெடுத்த சகோதரிகளுக்கு அந்தப் பெட்டிகளின் அருமை தெரியும். பதுவாவில் துண்டுகளை இடம் சேர்க்க உதவியவை, யாரோ முன்பே எடுத்து வைத்த புகைப்படங்கள். எனவே உங்களிடம் எஞ்சியிருக்கும் குடும்பப் படங்களையும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றையும் பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் வைத்திருங்கள். படத்தின் பின்புறத்தில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது ஒருநாள் தேவைப்படும்.

அடுத்த மாதம் இன்னொரு நகரில் சந்திப்போம்.