சிதம்பரத்தில் மலை எங்கே?

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கடலூர் மாவட்டம் என்பது போதும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன, இருளர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு தாய்க்குத் துணையாகப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கூட வந்திருந்த மகளை ஏற இறங்கப் பார்த்தார். தேய்த்த சுடிதார், கையில் செல்போன். "மலைவாழ் மக்கள்னு சொல்றீங்க, சிதம்பரத்துல மலை எங்கேம்மா இருக்கு?" என்றார். அடுத்த கேள்வி: "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" தாய் சிரிக்கவில்லை. "றால் புடிப்போம் சார்" என்றார். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நம்மில் பலர் மனதுக்குள் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். பழங்குடி என்றால் மலை, காடு, தேன், பாம்பு, தலையில் இறகு. இறகு சினிமாப் பாட்டில் வந்தது. மலை எங்கிருந்து வந்தது? 'பழங்குடியினர்' என்று நல்ல சொல் ஒன்று சட்டப்படியே இருக்க, படித்தவர்கள்கூட 'மலைவாழ் மக்கள்' என்று பேசிப் பேசியே ஒரு சமூகத்தை மலைமேல் ஏற்றிவிட்டோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம். அதில் இருளர் மட்டும் சுமார் 1.9 லட்சம். நீலகிரியிலும் கோவையிலும் மலையில் வாழும் இருளர் உண்டுதான். ஆனால் பெரும்பகுதி திருவள்ளூர் தொடங்கிக் கடலூர் வரையிலான சமவெளியில், ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் செங்கல் சூளையிலும் இருக்கிறது.

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் பேருந்து ஏறினால் போதும், இந்த மலைக்கதை கரைந்துவிடும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடுதான் அங்குள்ள இருளர்களின் பட்டறை. நீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்களும் ஆண்களும் கால்வாயில் இறங்குகிறார்கள். இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு தண்ணீர். வலை கிடையாது. இரண்டு கைகளையும் சேற்றில் விட்டு, வேர் இடுக்குகளில் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடப் பனையோலையில் முடைந்த பறி. கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். நண்டுக்கடி, சிப்பிக் கிழிசல் எல்லாம் விரல்களில் இருக்கும். பக்கத்தில் படகில் போகிற சுற்றுலாக்காரர், 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். வந்த இடம் எது என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டே போகிறார். தண்ணீரில் தலை மட்டும் தெரிகிற பெண் ஒரு பழங்குடி என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. அவர் தேடுகிற பழங்குடி வேறு.

காடு வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இன்றும் நிற்பது இந்தப் பிச்சாவரத்தில்தான். நடராசர் கோயிலின் தல மரத்தைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும். இந்தக் காட்டில் சேறும் உப்புமாகச் சீரழிந்து கிடந்த பகுதிகளில் 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டன. தேங்கி உப்பேறிய மண்ணில் நீர் போய்வரத் தொடங்கியதும் கன்றுகள் பிடித்தன. அந்த வேலையில் இருளர்களின் உழைப்பும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர்க் கடற்கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகவே சேதப்பட்டன என்று மறு வருடமே 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நாம் அவர்களிடம் பாம்பைப் பற்றித்தான் கேட்கிறோம்.

பாம்பு பிடிப்பது இழிவு என்று சொல்ல வரவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷம் எடுத்துத் தருகிறது. அங்கிருந்து இரண்டு பேருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தட்டான் பிள்ளைக்கு நகை செய்யத் தெரியாவிட்டால் அவன் சாதிச் சான்றிதழை யாரும் நிறுத்திவைப்பதில்லை. தொழில் தெரிந்தால்தான் சாதி என்ற விதி இருளருக்கு மட்டும் எப்படி வந்தது?

வேரைத் தேடினால் அது அரசாங்கத்திலேயே இருக்கிறது. 1965-இல் லோகூர் குழு பழங்குடிக்கு அடையாளம் வகுத்தது: பழமையான இயல்புகள், தனிப்பட்ட பண்பாடு, ஒதுங்கிய நிலப்பகுதி, பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சத்தை எதைக்கொண்டு அளப்பார்கள்? கல்லூரி விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்த பெண் இந்தத் தேர்வில் தோற்றுத்தான் போவாள். பழக்கவழக்கத்தைப் பார்த்து முடிவுகட்டும் சோதனையை ஒரே உரைகல்லாக வைக்கக்கூடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேசை வரைக்கும் அது வந்து சேரவில்லை.

போலிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள். மற்ற சாதிகளுக்குத் தாசில்தார் அளவில் முடிகிற காரியம் பழங்குடிக்குக் கோட்டாட்சியர் வரை போவதே அதனால்தான். ஆனால் போலியாக வருகிறவர் கட்டுக்கட்டாகத் தாளோடு வருவார். தாத்தாவின் பெயரில் ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் வருவது உண்மையான இருளர்தான். தாள் இல்லாதவரைத் துருவித் துருவிக் கேட்டால் தாள் வைத்திருக்கும் போலி எப்படி மாட்டுவார்?

2021-இல் 'ஜெய் பீம்' படம் வந்தபோது ஊரே அழுதது. நானும்தான். 1993-இல் இதே மாவட்டத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த கொடுமையைச் சொன்ன படம் அது. இறந்தவர் குறவர், படம் அவரை இருளராக்கியது. படத்தின் நோக்கத்தில் குறை காண மாட்டேன். ஆனால் அதன்பிறகு நம்மிடம் இருளருக்கு இரண்டு வேடங்கள் ஆகிவிட்டன: பாம்பு பிடிக்கிறவர், அடி வாங்குகிறவர். இறால் விலைக்கு வியாபாரியிடம் மல்லுக்கு நிற்கிறவர், மகளின் போனுக்கு ரீசார்ஜ் செய்யக் கடைக்குப் போகிறவர், சூளையில் வாங்கிய முன்பணத்தை எப்போது கழிப்பது என்று கணக்குப் போடுகிறவர் எந்தப் படத்திலும் இல்லை.

அன்றைக்கு அவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். என்றைக்கு வரலாம் என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன். தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திங்கள், செவ்வா காலையில வத்தம் சார், தண்ணியில எறங்கணும். வெள்ளிக்கெழம பெருக்கா இருக்கும். அன்னைக்கு வந்துடறோம்."