ஒரு கையில் வரி, மறு கையில் பள்ளி



“வரி கட்டுகிறவர்கள் நாங்கள், அனுபவிக்கிறவர்கள் நீங்கள்” என்ற ஏச்சு, பெங்களூரில் பிழைக்க வந்த நம் காதுகளுக்குப் புதிதல்ல. ஒண்டுக் குடித்தனத்தில் கிடப்பவன், நாள் கூலிக்குப் போகிறவன், இவன் அரசாங்கத்துக்கு என்ன கொடுத்துவிட்டான் என்று கேட்கிறார்கள். நம்மவர்களிலே பலர், “நமக்கேதுங்க வரி?” என்று தலையைக் குனிந்து அதை ஒப்புக்கொண்டும் விடுகிறார்கள். அந்தத் தலைக்குனிவைத்தான் முதலில் ஒழித்தாக வேண்டும்.

லிங்கராஜபுரத்துச் சித்தாள் வாங்கும் சோப்பிலே வரி. மேஸ்திரி காலில் போடும் செருப்பிலே வரி. நம் குழந்தைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும்கூட நூற்றுக்குப் பன்னிரண்டு ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிதான் அது நீக்கப்பட்டது. வருமான வரி கட்டுகிறவருக்கு ரசீது உண்டு; நமக்கு ரசீது இல்லை. வித்தியாசம் அவ்வளவே!

ரசீது இல்லாமல் நாம் கொடுக்கும் அந்தப் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும்? இதற்கு விடை தேடுவோர் ஒரு மனிதரின் சட்டமன்ற வாழ்க்கையைப் படிக்க வேண்டும். அவர் சி. சுப்பிரமணியம். பசுமைப் புரட்சிக்காரர் என்றும், 1998-இல் பாரத ரத்னா பெற்றவர் என்றும் அவரை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முன் சென்னை ராஜ்யத்தில் அவர் செய்த பத்தாண்டு வேலையை நினைப்பவர்கள் குறைவு.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1952-இல் ராஜாஜி மந்திரிசபையில் நிதி மந்திரியானார். 1954-இல் ராஜாஜி விலகியபோது, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்றார். 93-க்கு 41 என்று தோற்றார். தோற்றவரை மூலையில் உட்கார வைக்கவில்லை காமராஜர். நிதி இலாகாவையும் கல்வி இலாகாவையும் சேர்த்து அவர் கையிலேயே ஒப்படைத்தார்! பணம் வசூலிக்கிறவரும் அவர்; பள்ளிக்கூடம் நடத்த வேண்டியவரும் அவர்.

அந்தப் பொறுப்பில் அவர் செய்த முதல் காரியம் எது? 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக் கல்வி என்று நாடே கொதித்தது. அத்திட்டத்தைக் கொண்டுவந்த மந்திரிசபையில் இருந்தவர்தான் சுப்பிரமணியம். 1954 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது என்று அறிவித்தவரும் அவரே. தான் அங்கம் வகித்த ஆட்சியின் திட்டத்தைத் தன் வாயாலேயே ரத்து செய்தார். ஜனங்களின் குரல் ஓங்கினால் மந்திரியும் வழிக்கு வருவார் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அதற்குப் பிறகு நடந்தது நம் பெற்றோர் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். 1956-இல் மதிய உணவு தொடங்கியது. ஊரார் கொடுத்ததும் அரசாங்கம் கொடுத்ததும் சேர்ந்து உலை கொதித்தது. கிராமந்தோறும் பள்ளிகள் எழுந்தன. 1960-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை சம்பளம் கட்ட வேண்டியதில்லை என்றாயிற்று. பெருமை காமராஜருக்கு; அது நியாயமானதே. ஆனால் அந்தச் சோற்றுக்கும் சம்பளத்துக்கும் கஜானாவில் கணக்குக் காட்டியவர் சுப்பிரமணியம்.

பணம் எங்கிருந்து வந்தது? குடும்பம் நடத்தும் தாய்மார்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சென்னை ராஜ்யம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு. 1971-இல்தான் அது தளர்ந்தது. ஆக, இவர் நிதி மந்திரியாக இருந்த காலம் முழுவதும் கள்ளு, சாராயக் காசு கஜானாவுக்கு வரவில்லை. 1939-இலேயே ராஜாஜி தொடங்கிவைத்த விற்பனை வரி கை கொடுத்தது. 1959-இல் அதற்குப் புதிய சட்டம் வந்தது. விற்பனை வரி ஏழையையும் தொடுகிற வரிதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஏழையிடம் காலணாவாக வாங்கியது, அவன் பிள்ளைக்குப் பள்ளியாகவும் சோறாகவும் திரும்பி வந்தது. இன்றோ, ‘பள்ளி நடத்தப் பணம் வேண்டுமே’ என்று சொல்லித் தெருவுக்குத் தெரு மதுக்கடையை நியாயப்படுத்துகிறார்கள். அப்பனைக் குடிக்க வைத்துத்தான் மகனைப் படிக்க வைக்க முடியும் என்பது பொய் என்று அந்தப் பத்தாண்டு நிரூபித்திருக்கிறது.

ரயில்வே ஆபீசில் லெட்ஜர் எழுதுகிறவனுக்கு ஒரு பாடம் தெரியும். வரவு ஒருவர் கையிலும் செலவு இன்னொருவர் கையிலும் இருந்தால், கணக்கு ஒத்துவராதபோது பழி யார் மீதும் விழாது. சட்டமன்றத்துக்கு இன்று நேர்ந்திருப்பது அதுதான். கல்வி பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பாக இருந்தது. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அப்போது டெல்லியில் நிதி மந்திரி யார்? இதே சுப்பிரமணியம்! மாநிலத்தில் இரு கைகளாலும் வேலை செய்தவர், மாநிலத்தின் ஒரு கையைக் கட்டிய மந்திரிசபையிலும் இருந்தார். 1965-இல் இந்திப் பிரச்சினையில் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்யத் துணிந்தவர், 1976-இல் அப்படிச் செய்யவில்லை. மதிக்கத்தக்க மனிதர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

மறு கையை 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. கட்டியது. விற்பனை வரியைச் சட்டமன்றம் தனியே நிர்ணயித்த காலம் போயிற்று. மிஞ்சியவை பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி போன்றவைதான். வருமான வரியோடு கல்வி, சுகாதாரத்துக்கென்று டெல்லி வாங்கும் நூற்றுக்கு நான்கு செஸ்ஸில் மாநிலங்களுக்குப் பங்கு உரிமை கிடையாது.

அதனால் எம்.எல்.ஏ.வைக் கேட்டுப் பயனில்லை என்று சும்மா இருந்துவிடலாமா? கூடாது. ஆசிரியர் நியமனமும் பள்ளிக் கட்டடமும் இன்றும் மாநில பட்ஜெட்டில்தான் இருக்கின்றன. 2001-இல் சுப்ரீம் கோர்ட் ஆணையிட்ட பிறகு, கர்நாடகத்திலும் 2002 முதல் பள்ளிகளில் சூடான மதிய உணவு வந்தது. சென்னையில் மூட்டிய அடுப்பு இங்கே எரிய அத்தனை வருஷம் ஆயிற்று. கேட்டதால்தான் வந்தது.

ஆகவே ஓட்டுக் கேட்டு நம் சந்துக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் வரியில் எங்கள் பள்ளிக்கு வந்தது எவ்வளவு? காலியான வாத்தியார் இடத்தை எப்போது நிரப்புவீர்கள்? கேட்பதற்கு முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால், பெற்றோருக்கென்றே உள்ள பள்ளி வளர்ச்சிக் குழுவில் போய் உட்காருங்கள். கன்னடம் தெரியவில்லையே என்று கூச வேண்டாம். பிள்ளையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நாம் இந்த ஊருக்குச் சுமையல்ல; வரி கொடுக்கும் குடிகள். நாம் கேட்பது பிச்சையுமல்ல. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம். தலை நிமிர்ந்தே கேட்போம்!