வீடு கொட்டகலையில, சாவி அண்ணன் போன்ல

போன மாசம் ஒரு புதன்கிழமை, காலையில கொழுந்து நிறுக்கிற நேரம். அம்மா கோல் எடுத்தாங்க. "தம்பி, கெமரா தெரியல. அப்பாயி என்ன செய்யுதுன்னு பார்க்க முடியல."

பகலில் வீட்டில் அப்பாயி மட்டும்தான். ஒரு தடவை வாசலில் வழுக்கி விழுந்த பிறகு, கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் ஒரு சின்ன கெமராவும், போனிலிருந்தே போடக்கூடிய ரெண்டு பல்பும் வாங்கி மாட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் தன் கணக்கில் அமைத்து, அம்மாவின் போனுக்கு 'ஷேர்' பண்ணிவிட்டார். மலையில் நிற்கும் அம்மா, நிறுவைக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

அன்றைக்கு முதல்நாள் ராத்திரி அந்தச் செயலி அப்டேட் ஆகியிருந்தது. அண்ணன் போனில் எல்லாம் ஒழுங்கு. அம்மா போனில் வீடே காணோம். அண்ணன் திரும்ப அழைப்பு அனுப்பினார். அது போய்ச் சேரவில்லை. ரெண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் விளங்கியது, புதுப் பதிப்பு அம்மாவின் பழைய போனில் ஏறாது என்று. அந்த ரெண்டு நாளும் அம்மா பகல் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பாயிக்கு ஒன்றும் இல்லை. வெயிலில் உட்கார்ந்து வெத்தில இடிச்சுக்கிட்டு இருந்துச்சாம்.

சின்ன விசயம்தான். ஆனா ஒண்ணு உறுத்துது. அந்த வீட்டில் தினமும் அடுப்பு மூட்டுறவங்க வெளியே. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவர் உள்ளே. இதை வீட்டில் யாரும் தீர்மானிக்கவில்லை. ஒரு அப்டேட் தீர்மானித்தது.

இது மலிவான கருவிகளுக்கு மட்டும் வரும் வருத்தம் என்று நினைத்தால், ஆப்பிளின் கதையைப் பாருங்கள். 2022 டிசம்பர் 13ஆம் திகதி ஐஓஎஸ் 16.2 வெளியானது. அதோடு 'ஹோம்' செயலியின் அடித்தளத்தையே மாற்றும் ஒரு மேம்படுத்தலும் வந்தது. நோக்கம் நல்லதுதான். முன்பு வீட்டிலுள்ள ஒவ்வொரு போனும் பல்பு, பூட்டு எல்லாவற்றோடும் தனித்தனியே பேசும். புதிய முறையில் ஆப்பிள் டிவியோ ஹோம்பொட்டோ நடுவில் நின்று எல்லாருக்குமாகப் பேசும். வேகம் கூடும் என்றார்கள். நடந்தது வேறு. பலருக்குக் கருவிகள் பதில் சொல்லவில்லை. வீட்டைப் பகிர அனுப்பிய அழைப்புகள் அந்தரத்தில் தொங்கின. ஏற்கெனவே பகிர்ந்திருந்த குடும்பத்தாரும் வெளியே தள்ளப்பட்டார்கள். ஏறத்தாழ பத்து நாளில் ஆப்பிள் அதை மீளப்பெற்று, திருத்தி, 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4 உடன் மறுபடி கொடுத்தது.

பிழையை ஒத்துக்கொண்டு நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் திருத்தி வந்த பதிப்பிலும் ஒரு விதி மாறவில்லை. ஒருதடவை மேம்படுத்தினால் பழையதுக்குத் திரும்ப முடியாது. வீட்டைப் பகிர்ந்திருக்கும் எல்லாரும் தங்கள் கருவிகளையும் புதுப்பித்தாக வேண்டும். ஐபோன் 7இல் ஐஓஎஸ் 16 ஏறாது. அப்ப, அப்பா தன் புதுப் போனில் பட்டனை அமத்தினால், ஐபோன் 7 வைத்திருக்கும் மகள் தன் வீட்டு லைட்டைப் போட முடியாது. 'பிறகு பார்ப்போம்' என்று இருந்தவர்களுக்கும் கெடு வந்தது: பழைய முறைக்கான ஆதரவு 2026 பெப்ரவரி 10உடன் முடியும் என்று ஆப்பிள் அறிவித்தது.

பிழை மறுபக்கமாகவும் நடக்கும். 2021 மே 17இல் யூஃபி கெமரா வைத்திருந்த சிலர் செயலியைத் திறந்தபோது, முன்பின் தெரியாதவர்களின் வீடுகள் தெரிந்தன. சர்வரை மேம்படுத்தும்போது வந்த மென்பொருள் பிழை என்றும், 712 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்றும் அந்த நிறுவனமே சொன்னது. ஒரு அப்டேட்டில் வீட்டுக்காரர் வெளியே போகிறார்; இன்னொன்றில் ஊர்பேர் தெரியாதவர் உள்ளே வருகிறார். ரெண்டுக்கும் வேர் ஒன்று. 'இந்த வீடு யாருடையது' என்ற பதிவு நம் வீட்டில் இல்லை. கம்பனியின் கணினியில் இருக்கிறது.

இந்தச் செயலிகளை உருவாக்குகிறவர்களின் மனசில் ஒரு வீடு இருக்கிறது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மின்னஞ்சல், எல்லாரிடமும் புது மொடல். நம்ம வீடு அப்படியில்லை. ஒரே போனில் அம்மா பேசுவாங்க, தங்கச்சி படிப்பாள், பக்கத்துக் காம்பராக்காரரும் அவசரத்துக்கு ஒரு கோல் எடுப்பார். புதுப் போன் வெளியூரில் உழைக்கும் பிள்ளையிடம் இருக்கும். அவர் மாத்திய பழைய போன்தான் வீட்டுக்கு வரும். ஆகவே ஒவ்வொரு அப்டேட்டிலும் முதலில் விடுபடுவது வீட்டிலேயே இருக்கும் ஆள்தான். கூடுதலா அது அம்மாவாத்தான் இருக்கும்.

'ஷேர்' என்ற சொல்லையும் நான் நம்புவதில்லை. பல செயலிகளில் உரிமையாளர் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் தயவில் இருக்கும் உறுப்பினர்கள். இது மலையகத்துக்குப் புதுசில்லை. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும், ஒரு சுவரை இடிச்சுக் கட்ட தோட்டத்து ஆபீஸில் கேட்க வேண்டியிருக்கிற சனம் நாம். 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் கேட்டு இன்னும் நிற்கிறோம். கெமராவையும் லயத்தையும் ஒன்றாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாரம் வேறு வேறு. ஆனால் இருக்கிறவருக்கும் உரித்துக்காரருக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லாத ஒன்று.

"அப்டேட் பண்ணாட்டி பாதுகாப்பு இல்லையே" என்று ஒரு நண்பர் கேட்டார். சரிதான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வரத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு. வீட்டில் உள்ள எல்லாருக்கும் முன்கூட்டியே, அவரவர் மொழியில் அறிவிக்க வேண்டும். 'இதை அமத்தினால் இன்னின்னார் வெளியே போவார்கள்' என்று பேர் சொல்லி எச்சரிக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு சம உரிமையுள்ள ரெண்டு பேராவது இருக்க முடிய வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 2022 ஒக்டோபரில் வந்த 'மேட்டர்' என்ற பொதுத் தரத்தில், ஒரே பல்பை ஒரே நேரத்தில் வேறு வேறு நிறுவனங்களின் செயலிகள் ஆள வழி இருக்கிறது. கம்பனிகளுக்கிடையே உரிமையைப் பிரிக்க முடியுமானால், அம்மாவுக்கும் மகனுக்கும் இடையே முடியாதா?

அதுவரைக்கும் வெளியூரில் இருந்து சாமான் வாங்கி அனுப்புகிற அண்ணன்மார், அக்காமார் இதையாவது செய்யுங்கள். வீட்டில் இருக்கிறவரின் கணக்கில் அமைத்து, உங்களுக்கு ஷேர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். பெரிய அப்டேட் என்றால், வீட்டிலுள்ள பழைய போனுக்கு அது ஏறுமா என்று முதலில் பாருங்கள். சுவரில் இருக்கிற சுவிட்சைக் கழற்றவே வேண்டாம்.

எங்க வீட்டில் இப்போது கெமரா அம்மா பேரில். அண்ணன்தான் 'உறுப்பினர்'. போன ஞாயிற்றுக்கிழமை அவர் கோல் எடுத்து, "அம்மா, எனக்கு வீடு தெரியல, கொஞ்சம் பாருங்க" என்றார். அம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "இரு தம்பி, அடுப்புல சோறு இருக்கு. இறக்கி வச்சிட்டு விடுறேன்."