நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயிலா?

"நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்திருங்க சார், இன்ஜின் கல்லு மாதிரி நிக்கும்."

வாசுதேவநல்லூர் பக்கம் ஒர்க்‌ஷாப்ல அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டப் போகும் தம்பிகளும் இதை அப்படியே நம்புறாங்க. பாதிதான் உண்மை. மீதிப் பாதியில இன்ஜின் போயிரும்.

டாக்டருக்கு ஆயில்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. பாகுநிலையை அளக்கும் அலகான 'பாய்ஸ்', பாய்சொய் என்கிற பிரெஞ்சு டாக்டர் பேர்ல இருந்து வந்தது. ரத்த ஓட்டத்தைப் புரிஞ்சுக்கத்தான் அவர் மெல்லிய குழாய்களில் திரவம் எப்படி ஓடுதுன்னு ஆராய்ந்தார்.

முதல்ல டப்பாவுல இருக்கிற எண். 'டபிள்யூ'ன்னா விண்டர், குளிர்காலம். 0டபிள்யூ மைனஸ் 35 டிகிரியிலும், 20டபிள்யூ மைனஸ் 15லும் சோதிக்கப்படுது. நம்ம ஊர் மார்கழிக்கு இது எதுவுமே தேவையில்லை. ஆனா "5டபிள்யூ தண்ணி மாதிரி இருக்கும், தாங்காது" என்பது தப்பு. 5டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ரெண்டுமே 100 டிகிரியில் ஒரே வரம்புக்குள்தான் இருக்கணும். சூட்டைச் சொல்றது பின்னாடி இருக்கிற எண்தான்.

வெளியே 38 டிகிரி வெயில் அடிச்சா என்ன? ஓடுற இன்ஜினுக்குள்ள ஆயில் ஏற்கெனவே 90, 100ல இருக்கு. அதை 130க்கு மேல ஏத்துறது வெயில் இல்லை, நீங்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற மிதி. புளியங்குடிக்கு எலுமிச்சை ஏத்தப் போற வண்டிக்கும், டிராக்ல பத்து லேப் விரட்டுற வண்டிக்கும் வெயில் ஒண்ணுதான். ஆயில் சூடு வேற.

அதனால டிராக்குக்கு 150 டிகிரி அளவைப் பாருங்க. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9 சென்டிபாய்ஸ், 5டபிள்யூ-40க்கு 3.5, 50க்கு 3.7. (நம்ம உடம்புல ஓடுற ரத்தமும் கிட்டத்தட்ட 3, 4 சென்டிபாய்ஸ்தான்!) 30ல இருந்து 40க்குப் போனா நல்ல லாபம். 40ல இருந்து 50க்குப் போனா கிடைக்கிறது கொஞ்சம்தான்.

"ஆனா கெட்டி ஆயில் ஊத்தினா பிரஷர் மீட்டர் நல்லா ஏறுதே டாக்டர்?"

பிபி 180 இருந்தா ரத்த ஓட்டம் பிரமாதம்னு எந்த டாக்டராவது சொல்வாரா? குழாயில தடை கூடினாலும் பிரஷர் ஏறும். ஒரு அளவுக்கு மேல ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி விட்டுரும். பேரிங்குக்குப் போறது கூடாது. கெட்டி ஆயில் தன் உராய்விலேயே இன்னும் சூடாகும். 0டபிள்யூ-20க்காக வடிவமைச்ச இன்றைய பெட்ரோல் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊத்தினா, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் மேலே போய்ச் சேரவே தாமதமாகும்.

என் கருத்து இதுதான். மேனுவலை எடுத்துப் படிங்க. 30ம் 40ம் ரெண்டும் அனுமதிச்சிருந்தா டிராக்குக்கு முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40. 20 மட்டும் போட்டிருந்தா 30க்கு மேல தாவாதீங்க; அதுக்கும் கம்பெனிக்காரங்கிட்ட வாரண்டி பத்திக் கேட்டுக்கோங்க. காய்ச்சலை தெர்மாமீட்டர் வச்சுப் பார்க்கிற மாதிரி ஆயில் டெம்பரேச்சர் கேஜ் ஒண்ணு மாட்டுங்க. 130ஐத் தாண்டினா ஒரு லேப் மெதுவா ஓட்டி ஆற விடுங்க.

இன்னொண்ணு, கிரேடை விட முக்கியம்: ஆயில் லெவல். நீளமான வளைவுல ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமா ஒதுங்கிரும். லெவல் குறைஞ்சிருந்தா பம்ப் காத்தை உறிஞ்சும். அப்போ எந்த கிரேடும் காப்பாத்தாது. டிராக்ல இறங்குறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்ல மேல் கோடு வரைக்கும் இருக்கணும், அதுக்கு மேலயும் வேண்டாம்.

டிராக் டே முடிஞ்சதும் ஆயிலும் ஃபில்டரும் மாத்திருங்க. மாத்தும்போது கையுறை போடுங்க, பழைய ஆயில் தோலுக்கு ஆகாது. அதை ஓடையில கொட்டாம ஒர்க்‌ஷாப்லயே கொடுத்துட்டு வாங்க.