குடும்பத்துக்குத் தோள்கொடுப்போம், குழந்தையைக் காப்போம்
குழந்தைகள் மீதான வன்முறை, புறக்கணிப்பு குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் நிலைப்பாடு

குழந்தைக்குக் காயம் பட்ட பிறகு ஓடிவரும் ஏற்பாடுகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. காயம் படுமுன்பே தள்ளாடும் குடும்பத்தைத் தாங்கும் ஏற்பாடு ஒவ்வோர் ஊராட்சியிலும் நகர்ப்புற வார்டிலும் வேண்டும். அதற்கென்று நிதியும் பயிற்சி பெற்ற ஆளும் ஒதுக்க வேண்டும்.

ஏன் இதைக் கேட்கிறோம்

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் அடிபட்டதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்றோரே. அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் ‘அடியாத மாடு படியாது’ என்று பிள்ளைகளைப் பற்றிப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

புறக்கணிப்பின் கதை வேறு. கைக்குழந்தையைப் பத்து வயது அக்காவிடம் விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போகும் தாய்க்குப் பாசத்தில் குறைவில்லை. கூலி வராத நாளில் அடுப்பு எரியாது. அவரைத் தண்டித்தால் இரண்டு பிள்ளைகளும் தாயைப் பிரிவார்கள். அருகில் பகல்நேரக் காப்பகம் இருந்தால் தங்கை பத்திரமாக இருப்பாள், அக்காவும் பள்ளிக்குப் போவாள்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 இந்த வேறுபாட்டை உணர்ந்தே எழுதப்பட்டது. குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. குழந்தையைக் கொடுமைப்படுத்துவோரையும் கைவிடுவோரையும் தண்டிக்கும் 75-ஆவது பிரிவுகூட, தங்கள் சக்திக்கு மீறிய சூழலால் கைவிட்ட பெற்றோருக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் கணவரை இழந்த தாய்க்கு ஊரார் இன்றும் முதலில் சொல்வது, “பிள்ளைகளை ஹோமில் சேர்த்துவிடு” என்பதுதான். இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள்.

முதலில் அறிபவர்கள்

குழந்தையின் எடை குறைவதை அங்கன்வாடி ஊழியர் பார்க்கிறார். பிரசவத்துக்குப் பின் தாய் சோர்ந்து கிடப்பதைக் கிராம சுகாதார செவிலியர் பார்க்கிறார். குடியால் ஒரு வீடு நிலைகுலைவதும், தவணை கட்ட முடியாமல் தவிப்பதும் மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் தெரியும். தொல்லை வளருமுன்பே அறிகிற இவர்களால் புகார் கொடுக்க முடிகிறது. உதவி என்று கொடுக்க இவர்கள் கையில் ஏதுமில்லை. இந்த இடைவெளியை அடைப்பதே தடுப்புப் பணியின் மையம்.

நாங்கள் கோருபவை

1. ஊராட்சித் தலைவர் தலைமையிலான கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் தவறாமல் கூட வேண்டும். நெருக்கடியில் உள்ள குடும்பத்துக்கு உடனே உதவச் சிறு நிதி அவற்றிடம் இருக்க வேண்டும். எந்தக் குழந்தையும் அடையாளம் காணப்படாத வகையில் அவற்றின் பணி கிராம சபையில் வைக்கப்பட வேண்டும்.

2. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுப் பிரிவு தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. இதற்கான ஆண்டு வருமான வரம்பு கிராமங்களில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். அன்றாடம் கூலிக்குப் போகும் தாயும் தந்தையும் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுகிறார்கள். வரம்பை உயர்த்த வேண்டும். விண்ணப்பத்தை ஊரிலேயே பெற வேண்டும்.

3. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் பால்னா திட்டத்தைக் கட்டடத் தொழிலாளர், செங்கல் சூளைத் தொழிலாளர் வாழும் பகுதிகளில் முதலில் விரிவாக்க வேண்டும். பெற்றோரின் வேலை நேரத்துக்கு ஏற்ப அது திறந்திருக்க வேண்டும்.

4. குடிநோய்ச் சிகிச்சையும் மனநல ஆலோசனையும் வட்டார அளவில் கிடைக்க வேண்டும்.

5. அடிக்காமல் பிள்ளை வளர்க்கும் வழிகளைப் பற்றிப் பெற்றோர் கூடிப் பேசும் குழுக்கள் அங்கன்வாடிகளில் நடக்க வேண்டும். தந்தையரும் அவற்றுக்கு வர வேண்டும்.

விட்டுக்கொடுக்க முடியாத எல்லை

ஊர் துணைநிற்பதும் ஊர் கூடிச் சமரசம் பேசுவதும் ஒன்றல்ல. பாலியல் வன்முறையில் கட்டப்பஞ்சாயத்துக்கும் ‘குடும்ப மானம்’ என்ற பேச்சுக்கும் இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருந்தால் குழந்தையின் பாதுகாப்பே முதலில். குடும்பத்தை ஒன்றாக வைப்பது அதற்குப் பிறகுதான். உதவி தேவைப்படும் எந்தக் குழந்தைக்காகவும் 1098 என்ற எண்ணை யாரும் அழைக்கலாம்.

எங்கள் உறுதி

உதவி கேட்டு வரும் எந்தப் பெற்றோரையும் குற்றவாளியாக நடத்த மாட்டோம். வறுமையைக் காரணமாகக் காட்டி எந்தக் குழந்தையையும் இல்லத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். துன்புறுத்தலை அறிந்தால் எவருக்காகவும் மறைக்க மாட்டோம். தடுப்புக்கென்று தனித் தலைப்பில் நிதி ஒதுக்கும்வரை ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின் போதும் இந்தக் கோரிக்கைகளை அரசின் முன் வைப்போம்.